ரியால் 24 ரூபாய்: தம்மாமில் கடன் வாங்கி ஊரில் மனை வாங்கலாமா?

கேள்வி: சவூதி தம்மாமில் ஒரே கம்பெனியில் 14 வருடமாக ஸ்டோர் கீப்பராக இருக்கிறேன். வயது 46. எல்லாம் சேர்த்து மாதம் 6,000 ரியால் சம்பளம். ரியால் 24 ரூபாய்க்குப் போய்விட்டது. சம்பளம் வரும் பேங்கில் 1 லட்சம் ரியால் பர்சனல் லோன் தருகிறார்கள், 5 வருடம், தவணை 1,900 ரியால். ஊருக்கு அனுப்பினால் 24 லட்சம். ராமநாதபுரம் பைபாஸ் பக்கம் மச்சான் இரண்டு மனை பார்த்து வைத்திருக்கிறார். நகைக்கடன் 2 லட்சம், வீட்டுக்கடன் 6 லட்சம் பாக்கி, என்.ஆர்.இ. (வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான கணக்கு) டெபாசிட்டில் 12 லட்சம் இருக்கிறது. கம்பெனியில் அக்கவுண்ட்ஸ், பர்ச்சேஸ் ஆட்களை எடுத்துவிட்டு சவூதிக்காரர்களைப் போட்டுவிட்டார்கள், அடுத்து ஸ்டோர்தான் என்று பேச்சு. எனக்குச் சுகர் வேறு இருக்கிறது. லோன் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். மனை தங்கமான மனையாகவே இருக்கட்டும், இந்தக் கடனில் வேண்டாம்.

ரூபாய் விழுந்தால் லாபம், வருமானம் ரியாலிலும் கடன் ரூபாயிலும் இருப்பவருக்குத்தான். 1986-லிருந்து ஒரு டாலருக்கு 3.75 ரியால் என்று கட்டி வைத்திருக்கிறார்கள், அதனால் டாலர் 90 ரூபாயைத் தொட்டால் ரியால் தானாக 24. நீங்கள் போன காலத்தில் 14 ரூபாய் சுமாருக்கு இருந்திருக்கும். உங்கள் வீட்டுக்கடன் இத்தனை வருடமாக அப்படித்தான் சத்தமில்லாமல் இலகுவாகி வந்திருக்கிறது. ரியாலில் கடன் வாங்கினால் கணக்கு தலைகீழ். சம்பளம் வந்துகொண்டிருக்கும்வரை அது தெரியாது. வேலை போய், ஊரில் ரூபாயில் சம்பாதித்து ரியால் கடனைக் கட்ட வேண்டி வந்தால், இன்று உங்களைச் சந்தோஷப்படுத்துகிற அதே ரேட் அன்றைக்குக் கழுத்தைப் பிடிக்கும்.

வேலை போகுமா என்றால், போகும் என்று வைத்தே கணக்குப் போடுங்கள். இது உங்கள் மேனேஜர் மனம் வைத்தால் மாறுகிற விஷயம் இல்லை. 2011-ல் கம்பெனிகள் இத்தனை சவூதியரை வைத்தே ஆக வேண்டும் என்ற நிதாகத் வந்தது, 2016-ல் விஷன் 2030 என்ற நாட்டின் பொருளாதாரத் திட்டம், 2017-ல் குடும்பத்துக்குத் தலைக்கு மாதம் 100 ரியால் என்று ஆரம்பித்த கட்டணம் 2020-ல் 400 ஆனது (எத்தனை குடும்பங்கள் அதோடு ஊர் திரும்பின என்று உங்களுக்கே தெரியும்). இன்ஜினியர் வேலைகளில் சவூதியர் பங்கை 2025-ல் 30 சதவீதம் ஆக்கினார்கள். சவூதியர் வேலையின்மையை 2030-க்குள் 7 சதவீதமாகக் குறைப்பதாகச் சொல்லி, 2024 கடைசியிலேயே எட்டிவிட்டு, இப்போது இலக்கை 5 ஆக்கியிருக்கிறார்கள். பலன் கொடுத்த திட்டத்தை எந்த அரசாங்கமும் நிறுத்தாது.

இப்போது, வேலையை விட்டு வரும்போது கம்பெனி கொடுக்கிற சர்வீஸ் பணத்துக்கு வருவோம். முதல் 5 வருடத்துக்கு வருடம் அரை மாதச் சம்பளம், அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒரு மாதம். 14 வருடத்துக்கு உங்களுக்கு 69,000 ரியால், பதினாறரை லட்சம் ரூபாய். 10 வருடம் தாண்டிவிட்டதால் நீங்களாக எழுதிக் கொடுத்தாலும் முழுசாக வரும். இன்று லோன் போட்டு ஒரு வருடத்தில் வேலை போகிறது என்று வையுங்கள்: சர்வீஸ் பணம் 75,000, லோன் பாக்கி 80,000-க்கு மேல். சம்பளம் வரும் அதே பேங்க் என்பதால் சர்வீஸ் பணமும் அங்கேதான் வந்து விழும், வந்ததும் பிடித்துக்கொள்வார்கள். 15 வருட உழைப்பு போயும் பாக்கி நிற்கும், அதைக் கட்டாமல் வழக்கானால் பயணத் தடை வரைக்கும் போகலாம். கையில் இரண்டு மனை இருக்குமே என்பீர்கள். அவசரத்துக்கு விற்கிற மனைக்கு என்ன விலை கிடைக்கும் என்று மச்சானையே கேளுங்கள்.

மாதம் 1,900 ரியால் தவணை கட்டத் தயாராக இருந்தீர்கள் அல்லவா, அதை அப்படியே ஊருக்கு அனுப்புங்கள். இன்றைய ரேட்டில் 45,600 ரூபாய். ஐந்தே மாதத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும். அப்புறம் அதே தொகையை என்.ஆர்.இ. டெபாசிட்டில் சின்னச் சின்னதாகப் பிரித்துப் போடுங்கள். ஒரு வருடத்துக்குள் உடைத்தால் வட்டியே கிடையாது என்பதால், மொத்தமாகப் போட்டுவிட்டு அவசரத்துக்கு முழுசையும் உடைக்கிற நிலை வேண்டாம். வீட்டுக்கடனை அடைக்க இப்போது பறக்காதீர்கள், ஸ்டோர் விஷயம் தெளிவாகும்வரை கையில் பணம் இருப்பதுதான் முக்கியம், சர்வீஸ் பணம் வந்ததும் அதை முடித்துக்கொள்ளலாம். நிரந்தரமாகத் திரும்பிவிட்டால் என்.ஆர்.இ. கணக்கைச் சாதாரணக் கணக்காக மாற்ற வேண்டும், வட்டிக்கு வரிவிலக்கும் போய்விடும். அதையும் மனதில் வையுங்கள்.

மனை ஆசை விடவில்லை என்றால், சர்வீஸ் பணம் கைக்கு வந்த பிறகு ஒன்றே ஒன்று பாருங்கள், அதுவும் டிடிசிபி அப்ரூவலையும் வில்லங்கச் சான்றிதழையும் நீங்களே பார்த்த பிறகு.

கடைசியாகச் சொன்னாலும், சுகர் விஷயத்தை முதலில் செய்யுங்கள். வேலை போகிற அன்றே கம்பெனி இன்ஷூரன்ஸும் போய்விடும். இந்தியாவில் புதிதாக எடுக்கிற ஹெல்த் பாலிசியில், ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு 3 வருடம் வரை காத்திருக்க வைக்கலாம். அந்தக் காத்திருப்பு நீங்கள் தம்மாமில் இருக்கும்போதே ஓடிக் கழியட்டும், அடுத்த லீவில் வரும்போது குடும்பத்துக்கும் சேர்த்து ஒரு பாலிசி எடுத்துவிடுங்கள். விண்ணப்பத்தில் சுகரை மறைக்காமல் எழுதுங்கள், இல்லையென்றால் ஆஸ்பத்திரி பில்லோடு நிற்கும்போது க்ளெய்மைத் தள்ளிவிடுவார்கள்.