முள்ளங்கி நாற்றைத் துளைக்கும் தெள்ளு வண்டு

கேள்வி: நீலகிரியில் கேத்திப் பக்கம் நீர்போகத்தில் (பாசன நீரை நம்பிய பருவத்தில்) முள்ளங்கி விதைத்தேன். முளைத்த ஒரு வாரத்திலேயே விதையிலைகள் சல்லடையாகிவிட்டன. கையைக் கொண்டுபோனால் கறுப்புப் பூச்சிகள் துள்ளி மறைகின்றன. பக்கத்துப் பாத்திக் கேரட்டை அவை தொடவில்லை. போன போகத்தில் கிழங்கின் தோலிலும் வரிவரியாகத் தழும்பு இருந்தது. என்ன மருந்து அடிக்கலாம்?

பதில்: நீங்கள் எழுதியுள்ள அடையாளங்கள், தெள்ளு வண்டையே, அதாவது இலைவண்டுக் குடும்பத்தின் ஃபைலோட்ரெட்டா என்னும் பேரினத்தையே காட்டுகின்றன. ஏறக்குறைய 2 மி.மீ. நீளமுள்ள இவ்வண்டுகளுக்குப் பின்தொடைகள் பருத்திருப்பதால் அவ்வாறு துள்ளுகின்றன. கடுகுக் குடும்பத்தின் காரநெடியை நாடி வருபவை ஆதலால் முள்ளங்கி, டர்னிப், நூக்கல், முட்டைக்கோஸ் ஆகியவற்றைத் தின்னும், கேரட்டை அண்டா.

வெயில் ஏறிய பின் ஒரு வண்டைப் பிடித்து லென்ஸ் வைத்துப் பாருங்கள். முதுகில் நீளவாக்கில் வளைந்த இரு மஞ்சள் பட்டைகள் இருந்தால் அது இப்பேரினத்தின் ஸ்ட்ரியோலேட்டா என்னும் இனம். பட்டையின்றி நீலமோ பச்சையோ கலந்த கறுப்பாக மினுங்கினால் பெரும்பாலும் குரூசிஃபெரே என்னும் இனம். இரண்டுமே வேரடி மண்ணில் முட்டையிடுகின்றன என்றாலும், முள்ளங்கிக் கிழங்கின் மேற்பரப்பைச் சுரண்டித் தழும்பாக்குவதில் ஸ்ட்ரியோலேட்டாவின் வெண்புழுக்கள் பெயர்பெற்றவை என்பதால் உங்கள் தோட்டத்தில் அதையே முதலில் சந்தேகிக்கிறேன். இலைமேல் அடிக்கும் மருந்து மண்ணுக்குள் இருக்கும் அந்தப் புழுவைத் தொடாது. எனவே அடுத்த போகம் அந்தப் பாத்தியில் கடுகுக் குடும்பம் எதையும் போடாமல் உருளைக்கிழங்கு, கேரட் அல்லது பீன்ஸுக்கு மாறுங்கள். வரப்பில் தானாக முளைத்த கடுகுச் செடிகளையும் பிடுங்கிவிடுங்கள்.

இப்போதுள்ள பயிரைப் பொறுத்தவரை, ஆபத்து விதையிலைப் பருவத்தில்தான். குருத்து பிழைத்து நான்கைந்து உண்மையிலைகள் (விதையிலைகளுக்குப் பின் வரும் இலைகள்) விட்டுவிட்டால் செடி துளைகளைத் தாங்கிக்கொள்ளும். ஏறத்தாழ 45 நாளில் கீரையோடு சமையலுக்குப் போகும் பயிருக்கு அதற்குமேல் நஞ்சு அடிப்பதை நான் ஒப்பமாட்டேன். அதுவரை 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாற்றை மாலையில் தெளிக்கலாம். அது வண்டைக் கொல்லாது, தின்பதைக் குறைக்கும். வறட்சியும் வெயிலும் இவற்றுக்கு உகந்தவை ஆகையால், பாத்தி காயாதபடி தெளிப்பு நீர் கொடுப்பதும் உதவும்.

இனி விதைக்கும்போது, விதைத்த அன்றே 0.8 மி.மீ.க்கு மிகாத கண்ணுள்ள பூச்சிவலையால் பாத்தியை மூடி, ஓரங்களை மண்ணில் புதையுங்கள். ஆனால் முன்போகம் முள்ளங்கியோ கோஸோ இருந்த பாத்தியில் இதைச் செய்தால், மண்ணிலிருந்து வெளிவரும் வண்டுகள் வலைக்குள்ளேயே அடைபட்டு நாற்றைத் தின்னும்.