தனித்து எழுதுபவரின் வாசகர்கள்

வணக்கம் ஐயா,

நான் திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். என் முதல் நாவலைப் பிரதிலிபி என்ற வாசிப்புச் செயலியில் தொடராக எழுதினேன். நிறையப் பேர் வாசித்தார்கள்; 'அருமை', 'அடுத்த அத்தியாயம் எப்போது?' என்ற பின்னூட்டங்களுக்குக் குறைவில்லை. அதையே அமேசானின் கிண்டிலில் மின்னூலாக விலைக்கு வைத்தபோது அவர்களில் மிகச் சிலரே வந்தார்கள். இரண்டாவது நாவலைச் சொந்தச் செலவில் அச்சிட்டேன். பாதிப் பிரதிகள் வீட்டில் கிடக்கின்றன. தினம் ஒரு ரீல்ஸ் போடாமல் யாரும் புத்தகம் வாங்கமாட்டார்கள் என்கிறார்கள் நண்பர்கள். இரவில் கிடைக்கும் ஓரிரு மணி நேரத்தில் நான் எழுதுவதா, வாசகரைத் தேடுவதா? மின்னூலுக்கு என்ன விலை வைக்கலாம் என்பதையும் சொல்லுங்கள்.

கா.

அன்புள்ள கா.,

நீங்கள் அனுப்பிய முதல் நாவலின் மின்னூலை வாசித்தேன். ஏறத்தாழ எல்லா அத்தியாயங்களும் முந்தைய அத்தியாயத்தின் நிகழ்ச்சியைச் சுருக்கிச் சொல்லித் தொடங்குகின்றன. எல்லாமே ஒரு திடுக்கிடலில் முடிகின்றன. இடையில் சில நாட்கள் விட்டுப் படிப்பவருக்கு இரண்டும் தேவை. ஒரே இருப்பில் படிப்பவருக்கு முதலாவது சலிப்பையும், இரண்டாவது நான்கைந்து அத்தியாயங்களுக்குப் பிறகு அவநம்பிக்கையையும் தருகிறது. தொடரை நீங்கள் நூலாக்கவில்லை, கோப்பை மட்டும் மாற்றியிருக்கிறீர்கள் என்பதே என் கணிப்பு. தொடரைப் படித்தவர்கள் காசு கொடுக்கத் தயங்கினார்கள் என்று வருந்துகிறீர்கள். அவர்கள் ஏற்கெனவே படித்துவிட்ட ஒன்றைத்தானே நீங்கள் மறுபடியும் நீட்டினீர்கள்?

பதிப்பகம் இல்லாமல் வெளியிடுபவர் இழப்பது அச்சகத்தையோ கடையையோ அல்ல. இன்று ஐம்பது பிரதிகள்கூட அச்சிட முடிகிறது, நூலை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண் இந்தியாவில் இலவசமாகவே கிடைக்கிறது. அவர் இழப்பது, கைப்பிரதியைப் படித்துவிட்டு 'இந்த இடத்தில் தளர்கிறது' என்று சொல்லக்கூடிய ஒருவரை. தமிழ்ப் பதிப்பகங்களிலும் இந்த வழக்கம் அரிதுதான். 1974இல் தொடங்கிய க்ரியா போன்ற சில இடங்களில் மட்டுமே பிரதியைச் செம்மையாக்குவது ஒரு தொழிலாக மதிக்கப்பட்டது. ஆகவே அந்த ஒருவரை நீங்களே தேடிக்கொள்ள வேண்டும். பின்னூட்டம் இடுபவர்களில் 'அருமை' என்பதைத் தாண்டி ஏதேனும் ஒரு பாத்திரத்தோடு சண்டை போட்டிருப்பவர் இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள். அவர்களுக்கு மூன்றாவது நாவலின் முழுக் கைப்பிரதியையும் அனுப்புங்கள். 'எப்படி இருக்கிறது?' என்று கேட்டால் நாகரிகம் கருதி நன்றாக இருக்கிறது என்பார்கள். எந்தப் பக்கத்தில் கீழே வைத்தீர்கள், எந்த இரண்டு பேரைக் குழப்பிக்கொண்டீர்கள், எதை நம்ப முடியவில்லை என்று கேளுங்கள். இதைத்தான் நான் வாசகரைத் தேடுவது என்பேன், எழுதுவது என்பதும் இதுவேதான். கையில் கொஞ்சம் பணம் இருந்தால் அட்டைப்படத்துக்கு முன்னால் செம்மையாக்கத்துக்குக் கொடுங்கள்.

எழுத்தாளரும் விமர்சகருமான சி.சு. செல்லப்பாவைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1959இல் 'எழுத்து' இதழைத் தொடங்கியபோது, இரண்டாயிரம் பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று அறிவித்தவர் அவர். விற்காத ஒரு பத்திரிகைக்காரரின் வீம்பு என்று அதைச் சிரித்து ஒதுக்கலாம். ஆனால் யாருக்காக நடத்துகிறோம் என்பதை அவர் முதலிலேயே முடிவு செய்துவிட்டார் என்பதுதான் அதன் பொருள். பின்னர் தம் பதிப்பு நூல்களை மூட்டையாகக் கட்டிச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் பேசி விற்றார். அதில் அவர் பொருள் சேர்க்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் எங்கே, எவரிடம் தம் நூல் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. உங்கள் நிலை வேறு. உங்களை வாசித்த அத்தனை பேரின் முகவரியும் செயலியிடமும் அமேசானிடமும் இருக்கிறது, உங்களிடம் ஒன்றுகூட இல்லை.

எனவே மின்னூலின் கடைசிப் பக்கத்தில், மேற்கொண்டு எதையும் விற்க முயலாமல், உங்கள் மின்னஞ்சலை மட்டும் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். எழுதுபவர்களின் பட்டியலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருக்கும் பிரதிகளுக்கு உங்கள் ஊரிலேயே வழி உண்டு. திருப்பூரிலும் ஈரோட்டிலும் ஆண்டுதோறும் புத்தகத் திருவிழா நடக்கிறது. தனி ஆளாக அரங்கு எடுப்பது கட்டுப்படியாகாது. அரங்கு வைத்திருக்கும் ஒருவரிடம் விற்பனைக்குக் கொடுத்துவைக்கலாம். விற்பனைக் கழிவு கணிசமாகக் கேட்பார்கள், அதையும் சேர்த்தே விலை நிர்ணயித்திருக்க வேண்டும். நூலக வாசகர் வட்டங்களில் உங்கள் நாவலைப் பற்றிப் பேசாதீர்கள், வேறொருவர் நாவலைப் பற்றிப் பேசுங்கள். நன்றாகப் பேசினால் 'நீங்கள் எழுதுவீர்களா?' என்று அவர்களே கேட்பார்கள்.

ரீல்ஸ் செய்வது உங்களுக்கு மகிழ்ச்சியென்றால் ஞாயிற்றுக்கிழமை செய்யுங்கள். இரவு நேரத்தை அதற்குத் தர வேண்டாம்.

இனி விலை. அமேசானின் கிண்டில் செலக்ட் திட்டத்தில் நூலைச் சேர்த்தால் 90 நாட்களுக்கு அதன் மின்வடிவம் வேறெங்கும் இருக்கக்கூடாது. பிரதிலிபியில் தொடர் அப்படியே இருக்குமானால் அது விதிமீறல், உடனே கவனியுங்கள். இந்திய விற்பனையில் 70 சதவீத உரிமத்தொகை அந்தத் திட்டத்தில் இருக்கும் நூல்களுக்குத்தான், மற்றவற்றுக்கு 35. திட்டத்தில் இருக்கும் நூலைக் கிண்டில் அன்லிமிட்டெட் என்ற சந்தா வாசிப்புத் திட்டத்தில் சேர்ந்தவர்கள் படிப்பதற்குப் பக்கக் கணக்கில் பணம் வரும் என்பதால் கதையை இழுக்கும் ஆசையும் கூடவே வரும். உங்கள் முதல் நாவலுக்கு அந்த ஆசை ஏற்கெனவே உண்டு. என்னைக் கேட்டால், முதல் நாவலைத் திட்டத்தில் சேர்க்காமல் செயலியிலேயே இலவசமாக விட்டுவிட்டு, இரண்டாவதைத் திட்டத்தில் சேர்த்து, அச்சுப் பிரதியின் விலையில் பாதிக்கும் குறைவாக வைக்கலாம். தலைப்புவாரியாக, நாள்வாரியாக எத்தனை பக்கங்கள் படிக்கப்பட்டன என்ற அறிக்கை உங்களுக்குக் கிடைக்கும். உங்கள் அளவில் ஒரு நாளில் ஒருவரோ இருவரோதான் படித்துக்கொண்டிருப்பார்கள். எண்ணிக்கை எங்கே நின்றுபோகிறது என்று பார்த்தால், அவர்கள் எந்த இடத்தில் நிறுத்தினார்கள் என்பதை ஓரளவு ஊகித்துவிடலாம்.