எட்டுக் குடத்தை யார் தூக்குகிறார்கள்?

கேள்வி: எனக்கு 44 வயது. திண்டுக்கல்லில் கணக்கர் வேலை. ஒன்பது மாதமாகத் தினமும் காலை ஐந்தரைக்குக் கிளம்பி 5 கி.மீ. நடக்கிறேன். முதல் நான்கு மாதத்தில் 84 கிலோவிலிருந்து 78-க்கு வந்தேன். அப்புறம் ஐந்து மாதமாக முள் அசையவில்லை. வாட்ச்சில் பத்தாயிரம் அடி காட்டினாலும் சந்தோஷம் இல்லை. எழுந்திருக்கவே சலிப்பாக இருக்கிறது. மனைவிக்கு இடுப்புவலி, அதனால் கூட வருவதில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் அந்த நேரத்தில் குழாயில் தண்ணீர் வரும். எட்டுக் குடம் பிடித்து இரண்டாம் மாடிக்கு ஏற்றுகிற வேலையும் அவளுக்கு இருக்கிறது. மாதம் 1,500 ரூபாய் கட்டி ஜிம்மில் சேரலாமா?

பதில்: ஜிம் இருக்கட்டும், தம்பி. 'ஏற்றுகிற வேலையும்' என்று ஒரு 'உம்' போட்டுத் தாண்டிப் போய்விட்டீர்களே, அங்கே கொஞ்சம் நில்லுங்கள். பிளாஸ்டிக் குடம் 15 லிட்டர் என்று வைத்தால் எட்டுக் குடம் 120 லிட்டர். அதாவது 120 கிலோ. அதை இடுப்புவலிக்காரி இரண்டு மாடி ஏற்றுகிறார். வீட்டில் திடமாக இருக்கிற ஆள் அதே நேரத்தில் கையை வீசிக்கொண்டு தெருவில் போகிறார், உடம்பு தேற! குடத்தை ஒரு பக்க இடுப்பில் வைத்தால் முதுகு மறுபக்கம் வளையும். அந்த வளைவோடுதான் ஒவ்வொரு படியும். வலி இதனால்தான் வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆறவிடாமல் வைத்திருக்க இது போதும்.

உங்கள் முள் நின்றதற்கும் விடை அந்தப் படிக்கட்டில்தான் இருக்கிறது. 84 கிலோ உடம்பை 5 கி.மீ. நகர்த்த ஆன செலவு 78 கிலோவுக்கு ஆகாது. ஒரே தெரு, ஒரே வேகம் என்று ஒன்பது மாதம் போனதில் இதயமும் காலும் பழகிவிட்டன. இளைக்கும்போது கொழுப்பு மட்டுமா போகும்? பாரம் தூக்காதவருக்குத் தசையும் சேர்ந்து கரையும். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது, வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சி. அதோடு வாரத்தில் 2 நாளாவது தசைக்கு வேலை. நீங்கள் முதல் பாதியோடு நிறுத்திவிட்டீர்கள். அந்தப் பத்தாயிரமும் வேதவாக்கு இல்லை. 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடை அளவிக்கு 'மன்போ-கெய்', அதாவது 'பத்தாயிரம் அடி அளவி' என்று பெயர் வைத்தார்கள். அங்கிருந்து பரவிய எண் அது.

நாளை மறுநாளிலிருந்து தண்ணீர் உங்கள் பொறுப்பு. குடம் வேண்டாம். மூடி போட்ட 10 லிட்டர் கேன் இரண்டு வாங்குங்கள், கைக்கு ஒன்று. முதல் இரண்டு வாரம் கேனுக்கு 6 லிட்டர் போதும். நடைக்கு 12 கிலோ, மொத்தம் 10 நடை. அடுத்த இரண்டு வாரம் 8 லிட்டர், 8 நடை. பிறகு முழுக் கேன், 6 நடை. முட்டியை மடக்கி, கேனை உடம்போடு ஒட்டித் தூக்குங்கள். தூக்கியபடி இடுப்பைத் திருப்பக் கூடாது. பாதம் முழுவதும் படியில் பதியட்டும். மூச்சை அடக்கிக்கொண்டு ஏறினால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். வாய்விட்டு எண்ணிக்கொண்டே ஏறுங்கள், மூச்சு தானாக ஓடும். முட்டியைப் பதம் பார்ப்பது பெரும்பாலும் இறங்குகிற வேகம்தான். வெறும் கேன் என்று தடதடவென்று ஓடி வராதீர்கள். மார்பு இறுகினாலோ தலை சுற்றினாலோ அப்படியே இறக்கி வைத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள். கால், முதுகு, கைப்பிடி எல்லாம் இதில் வேலை செய்யும். மார்புக்கு மட்டும் குறை. கடைசி நடை முடிந்ததும் மாடிக் கைப்பிடிச் சுவரில் கை ஊன்றிச் சாய்வுத் தண்டால் பத்துப் பத்தாக மூன்று தடவை எடுங்கள். தசை ஆறுவதற்கு ஏறக்குறைய 48 மணி நேரம் வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் விடுகிறவர்கள் உங்களுக்கு அட்டவணையே போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

தண்ணீர் வராத நாளில் நடங்கள், ஆனால் பழையபடி வேண்டாம். 3 நிமிடம் வேகம், 3 நிமிடம் மெதுவு, இப்படி ஐந்து சுற்று. ஜப்பானின் ஷின்ஷூ பல்கலைக்கழகத்தார் நடுவயதுக்காரர்களையும் முதியவர்களையும் இப்படி நடக்க வைத்து, 2007-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரே சீராக நடந்தவர்களைவிட இவர்களுக்குக் கால் வலுவும் மூச்சுத் திறனும் கூடியிருந்தன. வேகச் சுற்றில் நாலு வார்த்தைக்கு மேல் தொடர்ந்து பேச வரக்கூடாது. பேச வந்தால் அது வேகமில்லை. சலிப்பும் இதில் பாதி போய்விடும், அடுத்த மூன்று நிமிடம் எப்போது முடியும் என்பதிலேயே கவனம் இருக்கும்.

காலை இட்லியோடு இரண்டு அவித்த முட்டை, மாலையில் ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டல். இரண்டிலும் சேர்த்து 26 கிராம் புரதம் வரும். எடையை வாரம் ஒருமுறை, காலைக்கடன் முடித்துப் பாருங்கள். அதைவிட முக்கியம் தொப்புள் மட்டத்தில் டேப் வைத்துப் பார்ப்பது. நம் ஆண்களுக்கு 90 செ.மீ. எல்லை. தசை கூடும்போது முள் நின்றாலும் டேப் இறங்கும்.

அந்த 1,500 ரூபாயை எடுத்துக்கொண்டு இந்தச் சனிக்கிழமை மனைவியை எலும்பு டாக்டரிடம் அழைத்துப் போங்கள். தைலம் தேய்த்தது போதும். அவர் நடக்கலாம் என்று சொன்னால் மாலையில் பதினைந்து நிமிடம், மனைவியின் வேகத்துக்கு நீங்கள் நடங்கள். வாட்ச் வீட்டிலேயே கிடக்கட்டும்.