மசியாத முடி

கேள்வி: சுருட்டை முடியை நேராக்கும் மருந்தான ரிலாக்ஸரை மூன்று தடவை போட்டாகிவிட்டது. போட்ட அன்று முடி நேராக, பளபளவென்று இருக்கிறது. முதல் தடவை தலைக்குக் குளித்ததுமே பிடரிப் பக்கமும் உச்சியிலும் பழைய சுருட்டை திரும்பிவிடுகிறது. "உங்க முடி ரொம்ப அடம், மருந்தே ஏறல. அடுத்த தடவை ஸ்ட்ராங்கா போட்டு இன்னும் கொஞ்ச நேரம் விட்டுடலாம்" என்கிறார் பார்லர்காரம்மா. விடலாமா மேடம்?

பதில்: விடாதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன், முதலில் இது மனதில் ஏறட்டும்.

இருபத்தாறு வருஷமாக நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறவள் நான். "அடம் பிடிக்கிற முடி" என்று நானும் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அதில் பாதி, முடியின் அடம் இல்லை. என் கையின் அவசரம்.

உங்கள் கடிதத்திலேயே துப்பு இருக்கிறது. "திரும்பிவிடுகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். ரிலாக்ஸர் நிஜமாகவே வேலை செய்த முடி திரும்பாது. முடி என்பது கெரட்டின் என்கிற புரதம். அதன் இழைகளைக் குறுக்கே கட்டிவைத்திருப்பது கந்தகப் பிணைப்பு, இரண்டு கந்தக அணுக்கள் கைகோத்து நிற்கிற மாதிரி. சோடியம் ஹைட்ராக்சைடு போன்ற காரம் உள்ளே போனால் அந்த இரண்டில் ஒன்றைப் பிடுங்கிவிடும். மிஞ்சுவது லாந்தியோனைன் என்ற வேறு வகைப் பிணைப்பு. நீங்கள் எத்தனை குளியல் போட்டாலும் அது பழைய நிலைக்கு வராது. அப்படியென்றால் அன்று உங்கள் பிடரி முடியை நேராக்கியது யார்? அயர்ன்தான். சூட்டில் வந்த நேர், தண்ணீர் பட்டால் போய்விடும். மருந்து அந்த இடங்களில் பாதிதான் போயிருக்கிறது. கடைசியில் போட்ட அயர்ன் அதை மூடி மறைத்துவிட்டது. இனிமேல் எங்கே செய்தாலும், அலசி முடித்ததும், டிரையரைக் கையில் எடுப்பதற்கு முன்னால், ஈர முடியைப் பின்பக்கக் கண்ணாடியில் காட்டச் சொல்லுங்கள். சுருள் அங்கேயே தெரிந்துவிடும்.

ஏன் போகவில்லை? முடியின் மேலே ஓடு வேய்ந்த மாதிரி அடுக்கடுக்காகச் செதில்கள். சிலருக்கு அவை இறுக்கமாகப் படிந்திருக்கும். தடித்த முடி, நரைத்து முரடான முடி இவற்றிலும் மருந்து மெதுவாகத்தான் இறங்கும். இதெல்லாம் உண்மை. ஆனால் என்னிடம் "மசியாத முடி" என்று வந்தவர்களில் பலருக்குச் செதிலுக்கு மேலேதான் தடுப்பு இருந்தது. மாதக்கணக்கில் பூசிய சிலிக்கான் சீரம், எண்ணெய்ப் படலம், மருதாணி, உப்புத் தண்ணீரின் சுண்ணாம்பு. இன்னொன்றைச் சொன்னால் சிரிப்பீர்கள், முன்னே போட்ட ரிலாக்ஸரே தடுப்பாக நிற்கும். "நோ லை" (சோடியம் ஹைட்ராக்சைடு இல்லாதது) என்று அட்டையில் போட்டு, க்ரீமும் திரவமுமாக இரண்டைக் கலக்கச் சொல்லும் டப்பாக்கள் இருக்கின்றனவே, அவற்றில் பெரும்பாலும் க்ரீமில் கால்சியம் ஹைட்ராக்சைடு, திரவத்தில் குவானிடின் கார்பனேட். கலந்ததும் குவானிடின் ஹைட்ராக்சைடு உண்டாகி வேலை செய்கிறது. கூடவே கால்சியம் முடியில் படிகிறது. ஒவ்வொரு தடவையும் ஒரு பூச்சு. முடி வறண்டு, மங்கி, அடுத்த மருந்தை உள்ளே விடாது. கலந்து மிஞ்சியதை எடுத்து வைத்து அடுத்த மாதம் போடுகிற சிக்கனக்காரர்களும் உண்டு. அதில் வீரியம் இருக்காது.

உங்களுக்குப் போட்டது அந்த வகையா என்று கேளுங்கள். ஆமென்றால், ஈடிடிஏ போல உலோகத்தைப் பிடித்து இழுக்கும் பொருள் சேர்த்த ஷாம்பு கிடைக்கும், கீலேட்டிங் ஷாம்பு என்று கேட்டால் தருவார்கள். மருந்து போடும் நாளில் வேண்டாம், மூன்று நான்கு நாள் முன்னாலேயே போட்டுவிடுங்கள். அன்றே தேய்த்துக் குளித்துவிட்டு வந்தால் மண்டை எரியும்.

அப்புறம் பிடரி. சிக்கலான இடம் அது என்று தெரிந்தால் மருந்தை அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். முன்நெற்றி முடி மெல்லியது, சீக்கிரம் மசிந்துவிடும். அதைக் கடைசிக்கு வைக்க வேண்டும். அவசரத்தில் முன்னாலிருந்து பூசிக்கொண்டு போனால் பிடரிக்கு வரும்போது பாதி நேரம் தீர்ந்திருக்கும். அலசும்போது எல்லாம் சேர்ந்துதான் போகும். வகிடையும் பார்க்க வேண்டும். சீப்பின் வால் அந்தப் பக்கம் தெரிகிற அளவுக்கு மெல்லிசாகப் பிரித்தால்தான் நடுவில் இருக்கும் முடிக்கும் மருந்து கிடைக்கும்.

இதற்கெல்லாம் முன்னால் பிடரியிலிருந்து இருபது முடி வெட்டி நூலால் கட்டி, அதில் மட்டும் மருந்தைப் போட்டு ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் பார்க்கச் சொல்லுங்கள். டப்பாவில் போட்டிருக்கும் அதிகபட்ச நேரத்திலும் அந்தக் கற்றை மசியாவிட்டால், தலையும் மசியாது. அன்றைக்கு வீட்டுக்குப் போய்விடலாம்.

நேரத்தை நீட்டுவது பற்றி. வேலைக்கு வந்த எட்டாவது வருஷம், உங்களைப் போலவே மசியாத முடியோடு ஒரு பெண் வந்தாள். ரீபாண்டிங், அதாவது வேறு வகை மருந்தும் அயர்னும் வைத்து நேராக்குவது. அதற்கான தயோகிளைகோலேட் க்ரீம் போட்டேன். குறித்த நேரத்தில் ஒரு முடியை விரலில் சுற்றிப் பார்த்தேன், சுருண்டு துள்ளியது. இன்னும் பதினைந்து நிமிஷம் விட்டேன், பிளாஸ்டிக் தொப்பி போட்டுச் சூடும் காட்டினேன். அலசும்போது கையில் வழவழவென்று வந்தது. ஒரு முடியை இழுத்தேன். ரப்பர் மாதிரி நீண்டது, நின்றது, திரும்பவில்லை. நல்ல முடி ஈரத்தில் கொஞ்சம் நீளும், விட்டால் பழைய அளவுக்கு ஓடி வரும். இது வரவில்லை. காதுக்கு மேலே பிய்ந்து வந்தது. அந்தப் பெண் திட்டவில்லை. கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "அப்ப வெட்டிடுங்க" என்றாள். நான் கத்திரிக்கோலைத் தேடுகிற மாதிரி கொஞ்ச நேரம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

மூன்று தடவை பட்ட முடியில் நாலாவது வேண்டாம். புதிதாக வளர்ந்த வேர்ப் பகுதிக்கு மட்டும், அதுவும் எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் கழித்து.

கேள்வி: ரிலாக்ஸர் சரியாக நிற்காததால் ரீபாண்டிங்குக்கு மாறலாம் என்றிருக்கிறேன். முன்னால் போட்டது எந்த மருந்து என்று தெரியவில்லை. அக்கா, எத்தனை மாதம் இடைவெளி வேண்டும்?

பதில்: மாதக் கணக்கே இதில் இல்லையம்மா. ஹைட்ராக்சைடு ரிலாக்ஸர் பட்ட முடியில் தயோ, அதாவது ரீபாண்டிங்கின் தயோகிளைகோலேட், போடவே கூடாது. இரண்டும் வேறு வேறு வழியில் போகிறவை. தயோ கந்தகப் பிணைப்பை அவிழ்க்கும். அயர்ன் பண்ணி, ஹைட்ரஜன் பெராக்சைடு நியூட்ரலைசர் போட்டால் அது புது வடிவத்தில் திரும்ப முடிச்சுப் போட்டுக்கொள்ளும். ஹைட்ராக்சைடு பட்ட இடத்தில் அவிழ்க்க வேண்டிய முடிச்சே போய்விட்டது. மிச்சம் இருக்கும் கொஞ்சத்தையும் அவிழ்த்தால் முடி கையோடு வரும். தலைகீழாகச் செய்தாலும் அதே கதி. அந்த முடி முழுக்க வளர்ந்து வெட்டிப் போன பிறகுதான். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். முப்பது சென்டிமீட்டர் நீளம் வேண்டுமென்றால் இரண்டரை வருஷம். போட்டது எந்த மருந்து என்று தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். தெரியும் வரை யாரையும் தொடவிடாதீர்கள்.

மருதாணிப் பொடி பழக்கம் உண்டா? வெறும் இலை என்றால் மருந்தைத் தடுக்கும், அவ்வளவுதான். உலோக உப்பு சேர்த்த பொடி என்றால் பெராக்சைடோடு சண்டைக்கு வரும். 6 சதவீதப் பெராக்சைடில் சில சொட்டு அமோனியா விட்டு, வெட்டிய கற்றையை அரை மணி நேரம் அதில் போட்டு வைப்போம். நுரைத்தாலோ கிண்ணம் சூடானாலோ, ரீபாண்டிங் பேச்சே கிடையாது.

கேள்வி: எரிந்தால்தான் மருந்து பிடிக்கிறது என்று அர்த்தம் என்கிறார் என் அண்ணி. பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சரிதானா?

பதில்: அண்ணி சொன்னதை இந்த ஒரு விஷயத்தில் கேட்காதீர்கள். காரத்தின் வீரியத்தைக் காட்டும் பிஹெச் அளவு, ஹைட்ராக்சைடு ரிலாக்ஸருக்கு 12க்கும் மேலே. எரிவது முடி இல்லை, முடிக்கு உணர்ச்சியே கிடையாது. எரிவது தோல். "எரியுது" என்று சொன்ன நொடியில் அலச வேண்டும், முடி மசிந்ததோ இல்லையோ. மண்டையிலும் காதோரத்திலும் முதலிலேயே பெட்ரோலியம் ஜெல்லி தடவியிருக்க வேண்டும். முந்தின நாள் சொறிந்த இடம், புண், பொடுகுத் தழும்பு இருந்தால் அன்று வேண்டாம்.

பயமுறுத்தவில்லை, தெரிந்திருக்கட்டும் என்று சொல்கிறேன். 2022இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. 33,497 பெண்களை ஏறக்குறைய 11 வருஷம் கவனித்தார்கள். முடியை நேராக்கும் பொருள்களைப் பயன்படுத்தாதவர்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரக்கூடியவர்கள் 1.64 சதவீதம், அடிக்கடி பயன்படுத்தியவர்களில் 4.05 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். இதனால்தான் அது வந்தது என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை, தொடர்பைத்தான் காட்டியது. "பிடிக்கல, திரும்பப் போடு" என்று வருஷத்துக்கு ஐந்தாறு தடவை வருகிறவர்களுக்கு நான் இதைத்தான் எடுத்துச் சொல்வேன்.

கேள்வி: ரிலாக்ஸருக்கு மசியாத முடிக்கு கெரட்டின் ட்ரீட்மென்ட் நல்லது, அதில் கெமிக்கலே இல்லை என்கிறார்களே?

பதில்: யார் சொன்னார்களோ அவர்களிடம் டப்பாவைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கெமிக்கல் இல்லாமல் எதுவும் இல்லை. தண்ணீரும் கெமிக்கல்தான். இவற்றில் பலதும் ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு வாயுவை வெளியிடுபவை. அட்டையில் மெத்திலீன் கிளைகால் என்று இருக்கும், அயர்ன் பட்டதும் புகையாக வரும். கண் எரிந்து தொண்டை கமறினால் அது ஃபார்மால்டிஹைடுதான். ஜன்னலைத் திறக்கச் சொல்லாதீர்கள், நீங்கள் எழுந்து வெளியே வந்துவிடுங்கள். அதற்கு மாற்றாக வந்தது கிளையாக்சிலிக் அமிலம். அதைப் போட்டுக்கொண்ட 26 வயதுப் பெண்ணுக்கு, மூன்று தடவை போட்டபோதும் மூன்று தடவை சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை 2024இல் டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள்.

சுருட்டையை கெரட்டின் ட்ரீட்மென்ட் முழுசாக எடுக்காது, தளர்த்தும்; சில மாதத்தில் போய்விடும். உங்கள் முடி ஈரமாக இருக்கும்போது எப்படிச் சுருள்கிறது என்று ஒரு போட்டோ அனுப்புங்கள். எதுவுமே போடாமல், நல்ல வெட்டு ஒன்றிலேயே அடங்குகிற முடியாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.