'ரெண்டு வருஷம் பொறுங்க' என்று பள்ளி சொன்னால்...

கேள்வி: கோவையிலிருந்து நியூ ஜெர்சிக்கு வந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன. மகனுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. ஈஎஸ்எல் (இங்கிலீஷைப் புது மொழியாகக் கற்றுத்தரும்) வகுப்புக்கும் போகிறான். விளையாடும்போது பிள்ளைகளோடு நன்றாகவே இங்கிலீஷ் பேசுகிறான். புத்தகத்தைத் திறந்தால் அழுகைதான். டீச்சரிடம் கேட்டால், "மொழி பழகட்டும், ரெண்டு வருஷம் பொறுங்க, அப்புறம் டெஸ்ட் செய்யலாமா என்று பார்ப்போம். வீட்டில் இங்கிலீஷிலேயே பேசுங்க" என்கிறார். "ஸ்பெஷல் எஜுகேஷன்னு ஒருமுறை எழுதிட்டா காலேஜ் வரை முத்திரை கூடவே வரும், எதிலும் கையெழுத்துப் போடாதே" என்கிறார் என் கணவர். கோவையில் ஒன்றாம் வகுப்பில் தமிழ்ப் பாடத்தைக்கூட எழுத்துக்கூட்டிப் படிக்காமல், படத்தைப் பார்த்து ஊகித்துத்தான் சொல்வான். நான் என்ன செய்ய?

— ஒரு தாய், நியூ ஜெர்சி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான விஷயத்தைக் கடைசியில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். தமிழிலும் எழுத்துக்கூட்ட முடியவில்லை என்பதுதான் அது. உங்கள் பள்ளியில் யாருக்கும் இது தெரிந்திருக்க வழியில்லை. அவர்கள் பார்ப்பது இங்கிலீஷில் திணறும் பிள்ளையை மட்டும்.

புது மொழி கற்கும் பிள்ளை தடுமாறுவது சகஜம். பேச்சு ஓரிரு வருடங்களில் வந்துவிடும். பாடப்புத்தக மொழி கைவர ஐந்து முதல் ஏழு வருடங்கள்கூட ஆகும். அதனால் பேச்சு முந்தி, படிப்பு பிந்துவதை மட்டும் வைத்துக் குறை என்று முடிவு கட்ட முடியாது. டீச்சரின் நிதானத்தில் அந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் மொழியால் வந்த திணறல் என்றால் அது புது மொழியில்தானே இருக்க வேண்டும்? பிறந்ததிலிருந்து பேசும் மொழியிலும் அதே திணறல் என்றால், இரண்டு வருடம் காத்திருப்பதில் அர்த்தமில்லை.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கும். நம் 'ப' ஒன்றுதான். 'பல்'லில் ஒரு ஒலி, 'அம்பு'வில் வேறு ஒலி. 'க'வும் அப்படியே: கல், தங்கம், பகல் என்று சொல்லிப் பாருங்கள். இந்த எழுத்துகளில் பழகிய பிள்ளை இங்கிலீஷில் b-யையும் p-யையும் மாற்றி எழுதினால், பெரிது (big) என்று எழுத வேண்டிய இடத்தில் பன்றி (pig) வந்து நிற்கும்! 'ஏ', 'தி' போன்ற சின்னச் சொற்களை விட்டுவிடுவான், ஏனென்றால் தமிழில் அவற்றுக்கு வேலையே இல்லை. தமிழ் தெரியாத ஸ்பீச் தெரபிஸ்ட் இதையெல்லாம் கோளாறு என்று குறித்துக்கொள்ளக்கூடும். எனவே எது தமிழின் சாயல், எது பிள்ளையின் சிரமம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

இது இன்று நேற்று வந்த சிக்கல் அல்ல. கலிஃபோர்னியாவில் ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகளுக்கு இங்கிலீஷில் ஐக்யூ டெஸ்ட் வைத்து, மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான வகுப்பில் உட்கார வைத்தார்கள். டயானா என்ற பெயரில் நடந்த அந்த வழக்கு 1970-ல் சமரசத்தில் முடிந்தது. வீட்டு மொழியில் சோதிக்க வேண்டும் என்பது அதில் ஒரு நிபந்தனை. குறைபாடுள்ள பிள்ளைகளின் கல்விக்காக 1975-ல் வந்து, பின்னர் ஐடிஈஏ என்று பெயர் மாறிய கூட்டாட்சிச் சட்டத்திலும் அது இருக்கிறது. முடிந்தவரை பிள்ளையின் தாய்மொழியில் மதிப்பிட வேண்டும், இங்கிலீஷ் போதவில்லை என்பதையே காரணமாக வைத்துக் குறைபாடு என்று தீர்மானிக்கக் கூடாது என்கிறது அந்தச் சட்டம். அதே சட்டத்தின்படி, குறைபாடு இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால், ஈஎஸ்எல்-ஐக் காரணம் காட்டி மதிப்பீட்டைத் தள்ளிப் போடவும் கூடாது. "ரெண்டு வருஷம் பொறுங்க" என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

ஆகவே எழுதிக் கேளுங்கள். வாயால் கேட்டது காற்றோடு போய்விடும். பிரின்சிபாலுக்கும் உங்கள் பள்ளி மாவட்டத்தின் ஸ்பெஷல் சர்வீசஸ் இயக்குநருக்கும் ஒரே மின்னஞ்சல், நாலு வரி போதும்: 'என் மகனுக்கு வாசிப்பில் குறைபாடு இருக்கலாம் என்று சந்தேகிக்கிறேன். சைல்ட் ஸ்டடி டீம் முழு மதிப்பீடு செய்ய வேண்டும். வீட்டு மொழி தமிழ். தமிழிலும் இதே சிரமம் இருந்தது. கூட்டத்துக்குத் தமிழ் இன்டர்பிரெட்டர் வேண்டும்.' (சைல்ட் ஸ்டடி டீம் என்பது மதிப்பீடு செய்யும் நிபுணர் குழு.) நியூ ஜெர்சியில் இந்த மடல் கிடைத்த இருபது நாளுக்குள் உங்களைக் கூப்பிட்டுப் பேசியாக வேண்டும் (பள்ளி விடுமுறை நாட்கள் கணக்கில் வராது; கோடை விடுமுறை வரும்). மதிப்பீட்டுக்கு நீங்கள் சம்மதித்த நாளிலிருந்து தொண்ணூறு நாளில் மதிப்பீடு முடிந்து, தகுதி இருந்தால் ஐஈபி-யும் (பிள்ளைக்கென்றே எழுதும் தனிக் கல்வித் திட்டம்) நடைமுறைக்கு வர வேண்டும். அதற்குள் கண்ணையும் காதையும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். காதுக்குள் நீர் கோத்துக்கொண்டிருப்பது தெரியாமலே வருடக்கணக்கில் திட்டு வாங்கும் பிள்ளைகள் உண்டு.

தமிழ் தெரிந்த சைக்காலஜிஸ்ட் கிடைப்பது அபூர்வம். அநேகமாக இன்டர்பிரெட்டரை வைத்துத்தான் செய்வார்கள். இங்கிலீஷ் பிள்ளைகளுக்காக அளவிட்ட டெஸ்டைத் தமிழில் சொல்லிக் கேட்டால் அதன் மதிப்பெண்ணை அப்படியே நம்ப முடியாது. எண்ணை மட்டும் பார்க்காமல், வகுப்பில் கவனித்ததையும் உங்களிடம் கேட்டறிந்ததையும் கோவை நோட்டுகளையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றாம் வகுப்புத் தமிழ் நோட்டு அங்கே அட்டைப்பெட்டியில் கிடந்தால் அதை ஃபோட்டோ எடுத்து அனுப்பும்படி அம்மாவிடம் சொல்லுங்கள். அறிக்கைகளின் நகல் கூட்டத்துக்குப் பத்து நாள் முன்னதாகவே உங்கள் கைக்கு வர வேண்டும். வராவிட்டால் கேட்டு வாங்குங்கள். கூட்டத்தில் ஈஎஸ்எல் டீச்சரும் இருக்கட்டும்.

இன்டர்பிரெட்டர் விஷயத்தில் மட்டும் கூச்சப்படாதீர்கள். இத்தகைய கூட்டங்களில் தமிழ்க் குடும்பங்களுக்குத் துணையாகச் சில முறை போய் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு கூட்டத்தில் யாரையும் ஏற்பாடு செய்யாமல், பிள்ளையின் பன்னிரண்டு வயது அக்காவையே மொழிபெயர்க்கச் சொல்லிவிட்டார்கள். "தம்பிக்கு ஞாபகசக்தி ரொம்பக் கம்மியாம்" என்று அம்மாவிடம் சொல்லும்போதே அந்தப் பெண்ணுக்குக் குரல் உடைந்துவிட்டது. அம்மா அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. உங்களுக்கு இங்கிலீஷ் நன்றாக வரலாம். என்றாலும் மனது படபடக்கும் இடத்தில் தமிழில் கேட்பதும் பேசுவதும் வேறு. பெற்றோருக்குக் கூட்டம் புரியும்படி செய்ய வேண்டியது பள்ளியின் கடமை, செலவும் அவர்களுடையது.

இனி உங்கள் கணவரின் கவலை. மதிப்பீட்டுக்குக் கையெழுத்துப் போடுவது வேறு, ஸ்பெஷல் எஜுகேஷனுக்குச் சம்மதிப்பது வேறு. முதலாவதற்குப் போட்டுவிட்டு, அறிக்கையைப் படித்த பிறகு இரண்டாவதற்கு மறுக்கலாம். சம்மதித்த பின்னும் எழுத்துமூலம் விலக்கிக்கொள்ளலாம். காலேஜுக்கு ஐஈபி பின்தொடர்ந்து போகாது, பள்ளியோடு முடிந்தது. விசாவை நினைத்தும் பயப்பட வேண்டாம். ஆவணமே இல்லாத பிள்ளையையும் பள்ளி சேர்க்க மறுக்கக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1982-லேயே சொல்லிவிட்டது. ஐஈபி வந்தால் பையனைத் தனி வகுப்பில் ஒதுக்கிவிடுவார்கள் என்பதும் இல்லை; முடிந்தவரை மற்றப் பிள்ளைகளோடு வைத்துத்தான் உதவ வேண்டும். வாசிப்புக்கு மட்டும் தினம் அரைமணி தனியாக ஒருவர் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் ஐஈபி-யும் உண்டு. முத்திரை என்று அவர் சொல்வதைவிட, 'மக்கு' என்று வகுப்புப் பிள்ளைகளே குத்தும் முத்திரை எட்டு வயதில் ஆழமாகப் பதியும் என்பது என் எண்ணம்.

ஐஈபி கிடைத்தால் ஈஎஸ்எல்-ஐ நிறுத்திவிடுவோம் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இரண்டுக்கும் அவனுக்கு உரிமை உண்டு. ஐஈபி-க்குத் தகுதியில்லை என்று வந்தால் ஐஈபி இல்லாமலே வகுப்பில் தேவையான வசதிகள் செய்துதரும் 504 திட்டம் என்று ஒன்று இருக்கிறது, அதைப் பற்றிக் கேளுங்கள். சந்தேகங்களுக்கு ஸ்பான் என்ற பெற்றோர் உதவி மையம் நியூ ஜெர்சியில் இருக்கிறது. காசு வாங்காமல் வழிகாட்டுவார்கள்.

"வீட்டில் இங்கிலீஷிலேயே பேசுங்க" என்ற ஆலோசனையை மட்டும் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிடுங்கள். தமிழை நிறுத்தினால் இங்கிலீஷ் வேகமாக வந்துவிடாது. அவனுக்கும் ஆச்சிக்கும் நடுவில் பேச்சுதான் நின்றுபோகும். இன்று ராத்திரி சாப்பிடும்போது, ஊரில் நடந்த ஏதாவது ஒன்றைச் சொல்லச் சொல்லுங்கள். மருதமலை படியேறியதோ, மாமா வண்டியிலிருந்து விழுந்ததோ. திருத்தாமல், இடைமறிக்காமல் அதை ஃபோனில் பதிவு செய்யுங்கள். முன்னது முன்னதாகவும் பின்னது பின்னதாகவும் வருகிறதா, சொல் தேடித் தவிக்கிறானா என்று கேட்டுப் பாருங்கள். மதிப்பீடு தொடங்கும் நாளில் அந்தப் பதிவையும், அவன் என்ன சொல்கிறான் என்பதை வரிக்கு வரி எழுதிய தாளையும் ஸ்பீச் தெரபிஸ்டிடம் கொடுங்கள்.