குத்தகை வயலில் முயலைச் சுட உரிமை உண்டா? பிரிட்டனின் 1880 சட்டம்: கேள்வி பதில்

பழைய இங்கிலாந்தில் குத்தகை விவசாயி தன் பயிரைத் தின்கிற முயலைக்கூட அடிக்க முடியாது என்று சொல்லியிருந்தேன். அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: நம்பவே முடியவில்லை சார். தன் வயலில் நிற்பவனைத் தடுக்க அப்படி என்ன சட்டம்?

1671-இல், இரண்டாம் சார்லஸ் காலத்தில் வந்த வேட்டைச் சட்டம். ஆண்டுக்கு 100 பவுண்டு வருமானம் தரும் சொந்த நிலமோ, 150 பவுண்டு தரும் 99 வருட நீண்டகாலக் குத்தகையோ இருந்தால்தான் வேட்டையாடலாம். பிரபு வீட்டு வாரிசுகளுக்கு விலக்கு உண்டு. மற்றவர்கள் வேட்டை நாய், வலை, கண்ணி வைத்திருப்பதே குற்றம். பிரபுவின் வேட்டைக்காவலர் வீடு புகுந்து சோதனை போடலாம். அந்தக் காலத்தில் கிராமப்புறத்தில் ஓட்டுப் போட 2 பவுண்டு நில வருமானம் போதும், வேட்டைக்கு அதைப்போல 50 மடங்கு!

கேள்வி: 1831-இல் இதை நீக்கிவிட்டதாகப் படித்தேனே, அப்புறம் ஏன் 1880 வரை போராட்டம்?

நல்ல கேள்வி, விஷயமே இங்கேதான் இருக்கிறது. 1831 சட்டம் சொத்துத் தகுதியை எடுத்துவிட்டது, லைசென்ஸ் வாங்கினால் யாரும் வேட்டையாடலாம் என்றது, நிலத்தை அனுபவிப்பவருக்கே வேட்டை உரிமை என்றும் சொன்னது; ஆனால் குத்தகைப் பத்திரத்தில் அந்த உரிமையை உரிமையாளர் தனக்கென்று வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு வழியையும் திறந்துவிட்டது. பிறகென்ன, பத்திரத்துக்குப் பத்திரம் அந்த வரி ஏறியது. நிலம் வேண்டும் என்று நிற்பவன் அந்த ஒரு வரிக்காகக் கையெழுத்துப் போடாமல் திரும்பிவிடுவானா? போட்ட பிறகு தன் வயலிலேயே வேட்டையாடினால் அபராதம் கட்ட வேண்டும். எழுதி வாங்கிக்கொள்ளக்கூடிய உரிமையை ஏழைக்குக் கொடுப்பதும் கொடுக்காததும் ஒன்றுதான் என்பது என் உறுதியான கருத்து. 1848-இல் பெரிய முயலை (வளை தோண்டாத ‘ஹேர்’ இனம்) லைசென்ஸ் இல்லாமலே கொல்லலாம் என்று ஒரு சலுகை வந்தது, ஆனால் அதற்கும் வேட்டை உரிமை உள்ளவரின் அனுமதி தேவைப்பட்டது.

கேள்வி: முயல் தின்று அப்படி எவ்வளவு நஷ்டம் வந்துவிடும்?

வயலை ஒட்டிய புதர்க்காட்டில் வளை தோண்டி வாழும். பொழுது சாய்ந்ததும் கூட்டமாக வெளியே வந்து, இளம் கோதுமையை ஓரத்திலிருந்து தரையோடு தரையாகக் கறித்துக்கொண்டே உள்ளே போகும், காட்டோரம் முழுக்க மொட்டைப் பட்டையாகத் தெரியும். அந்தப் பட்டைக்கும் சேர்த்துத்தான் விவசாயி குத்தகை கட்டினான்! 1845-இலேயே ஜான் பிரைட் என்ற எம்.பி. நாடாளுமன்றத்தில் விசாரணைக் குழு அமைக்க வைத்தார், உடனே பலன் இல்லை. 1879-இல் ஓயாத மழையில் அறுவடை அழிந்தது, அமெரிக்கக் கோதுமை வந்து விலையும் ஏறவில்லை. அடுத்த ஆண்டு ஆட்சிக்கு வந்த பிரதமர் கிளாட்ஸ்டனின் உள்துறை அமைச்சர் ஹார்கோர்ட் 1880 சட்டத்துக்கான மசோதாவைக் கொண்டுவந்தார்.

கேள்வி: அண்ணா, அந்தச் சட்டம் சரியாக என்ன கொடுத்தது?

பெரிய முயல், வளை முயல் (‘ரேபிட்’) இரண்டையும் கொல்லும் உரிமை நிலத்தை அனுபவிப்பவரைவிட்டுப் பிரிக்க முடியாதது என்றது. உரிமையாளருக்கும் உரிமை இருக்கலாம், ஆனால் விவசாயியுடையதைப் பறிக்க முடியாது. அதைவிட முக்கியம், விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கினாலும் அந்த ஒப்பந்தம் செல்லாது. எனக்கு இந்தச் சட்டத்தில் ரொம்பப் பிடித்த வரி இதுதான், 1831-இன் ஓட்டையை நேராக அடைத்த வரி.

கட்டுப்பாடுகளும் இருந்தன. துப்பாக்கி எடுக்க விவசாயிக்கும், அவர் எழுத்தில் அனுமதித்த இன்னொருவருக்கும் மட்டுமே உரிமை. அந்தச் சீட்டைக் கேட்டால் காட்ட வேண்டும். இரவில் சுடக்கூடாது, விஷம் கூடாது, வில்பொறியை வளைக்குள் மட்டும்தான் வைக்கலாம். வேலியில்லாத மேட்டுப் புல்வெளியில் டிசம்பர் 11 முதல் மார்ச் 31 வரைதான்.

கேள்வி: சட்டம் வந்ததும் பயமில்லாமல் சுட்டார்களா?

எல்லோரும் இல்லை. வருடக் குத்தகைக்காரரை நோட்டீஸ் கொடுத்து வெளியேற்ற உரிமையாளரால் அப்போதும் முடிந்தது. அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு உரிமையை முழுதாகப் பயன்படுத்துவது எளிதல்ல.

கேள்வி: மான், கவுதாரி எல்லாம்?

இந்தச் சட்டத்தில் சேரவில்லை. 1906-இல் வந்த விவசாயச் சட்டம்தான், குத்தகைக்காரர் கொல்ல அனுமதியில்லாத மான், பறவைகளால் ஏக்கருக்கு ஒரு ஷில்லிங்குக்கு மேல் சேதமானால் உரிமையாளர் இழப்பீடு தர வேண்டும் என்றது.

கேள்வி: பிரான்சில் எப்படி?

1789 ஆகஸ்டில், புரட்சியின் முதல் வாரங்களிலேயே பிரபுக்களின் வேட்டைத் தனியுரிமையை ஒழித்துவிட்டார்கள். ஆனால் அங்கே உரிமை போனது நிலச் சொந்தக்காரருக்கு, குத்தகைக்காரருக்கு அல்ல.

கேள்வி: 1880 சட்டம் இப்போதும் இருக்கிறதா?

இருக்கிறது. திருத்தங்களோடு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இன்றும் அமலில் உள்ளது.