காய்ச்சல் இல்லையென்றால் நிமோனியா இல்லையா?

கேள்வி: பர்மாவில் மோல்மேனில் இருக்கும் என் அம்மாவுக்கு 79 வயது. நான்கு நாளாகச் சாப்பாட்டைத் தொடவில்லை. பகலெல்லாம் தூக்கம், என்னைத் தன் தம்பி என்று நினைத்துப் பேசுகிறார். எக்ஸ்ரே பார்த்த டாக்டர் நிமோனியா என்கிறார். ஆனால் காய்ச்சலும் இல்லை, பெரிய இருமலும் இல்லை. மருந்துக்கடைக்காரர் வீட்டுக்கே வந்து டிரிப்ஸ் ஏற்றுவதாகச் சொல்கிறார். ஏற்றலாமா?

பதில்: வேண்டாம். டாக்டர் சொன்னதை நம்புங்கள்.

வயதான உடம்பில் கிருமி நுழைந்தாலும் பல சமயம் சூடு ஏறாது. இருமித் தள்ளத் தெம்பில்லாததால் சளியும் உள்ளேயே தங்கிவிடும். நோய் நெஞ்சில் இருக்கும், ஆனால் பேச்சு தடுமாறும், சோறு இறங்காது, நடக்கும்போது விழுவார். வீட்டில் எல்லோரும் 'வயசாச்சு, மறதி' என்பார்கள். நான்கே நாளில் வருவது மறதி இல்லை.

நிமோனியாவின் கடுமைக்கு டாக்டர்கள் நாங்கள் மார்க் போடுவோம். 65 வயது தாண்டினால் ஒன்று, புத்தித் தடுமாற்றத்துக்கு ஒன்று. அம்மாவுக்கு ஏற்கெனவே இரண்டு. ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்க வேண்டிய நிலை. அவருக்குத் தெரியாமல் ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 30 வந்தால் விடியும்வரைகூடக் காத்திருக்காதீர்கள்.

டிரிப்ஸ் விஷயம். குளுக்கோஸ் தண்ணீர் நிமோனியாவுக்கு மருந்தே இல்லை. தளர்ந்த இதயம் இரண்டு பாட்டிலைத் தாங்காமல் தண்ணீர் நுரையீரலுக்குப் போகும், மூச்சு இன்னும் முட்டும். அதோடு பல மாத்திரைகளைக் கலந்து கட்டிய ஒரு பொட்டலமும் வரும், அதில் ஸ்டீராய்டு இருக்கலாம், அது தற்காலிகமாகத் தெம்பு தரும். சாயங்காலமே அம்மா எழுந்து உட்கார்ந்து சோறு கேட்பார், நீங்களும் கடைக்காரரைக் கும்பிடுவீர்கள். உள்ளே கிருமி பரவிக்கொண்டிருக்கும். பெயர் எழுதாத மாத்திரை எதையும் வாயில் போடாதீர்கள்.

ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லை, டாக்டர் இல்லை என்பீர்கள். தெரியும், எனக்கும் அலுத்துவிட்டது. 2021 ஜூலையில், கொரோனா பரவியபோது, ரங்கூனில் ஜனங்கள் ஆக்சிஜனுக்கு வரிசையில் நின்றதைப் பார்த்தவர்களுக்கு, வீட்டில் ஒரு சிலிண்டர் இருந்தால் போதும் என்று தோன்றுவதும் நியாயம்தான். ஆனால் ஒன்று கேட்கிறேன்: அம்மா சுருட்டுப் பிடிப்பவரா? நம் ஊரில் பாட்டிகளும் பிடிப்பதால் கேட்கிறேன். பல வருடச் சுருட்டில் நுரையீரல் கெட்டவர்களுக்கு, விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் அளவு 88 முதல் 92 வரை காட்டினாலே போதும். சிலிண்டரைத் திறந்துவிட்டு 100-க்கு ஏற்றினால் கரியமில வாயு உள்ளே தேங்கி அசந்துவிடுவார். நிம்மதியாகத் தூங்குகிறார் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். மற்றவர்களுக்கு 94-க்கு மேல் இருக்கலாம், இவர்களுக்குக் கூடாது. சிலிண்டர் விற்பவர் இதையெல்லாம் கேட்கமாட்டார்.

குணமானாலும் பழைய நடை திரும்ப வாரக்கணக்கில் ஆகும். எக்ஸ்ரே தெளிய இரண்டு மூன்று மாதம்கூட ஆகலாம், பயப்படாதீர்கள். படுக்கவைத்துக் கஞ்சி ஊட்டாதீர்கள், புரையேறி மறுபடி வரும்.

கிளம்பும்போது அவர் சாப்பிடும் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை அட்டையோடு எடுத்துப் போங்கள். கடைக்காரர் பொட்டலம் ஏதாவது ஏற்கெனவே உள்ளே போயிருந்தால், அதையும் மறைக்காமல் காட்டுங்கள்.